மயக்க வாயுவும் இருதயக் காவலும்

மயக்க மருந்தின் தொழில் யாது? கத்தியின் கீழ்க் கிடப்பவனுடைய நோவை மறப்பித்தலே என்பர் பலர். 1846ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து வைத்தியசாலையில் மார்ட்டன் என்பார் ஈதர் ஆவியை முகரச் செய்து இரணசிகிச்சைக்குத் துணைநின்ற நாள்முதல் அதுவே அம்மருந்தின் பெருமையாயிற்று. அஃது இருதயத்துக்கு இடர் விளைக்குமோ என்னும் அச்சமும் விரைவில் எழுந்தது. நம் காலத்திலோ அவ்வச்சம் தலைகீழாகி, மயக்க வாயு இருதயத்தைக் காக்கும் என்னும் நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கை அடைந்த கதி மாணாக்கர் யாவரும் சிந்திக்கத் தக்கது.

1986ஆம் ஆண்டில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர், நாய்களின் இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் குழாயொன்றை ஐந்து நிமிஷம் அடைத்துப் பின் திறந்தனர். இவ்வாறு நான்கு முறை செய்தபின் நாற்பது நிமிஷம் அடைத்து வைத்தனர். முன்பயிற்சி பெற்ற இருதயத்தில் மடிந்த தசை, பெறாததில் மடிந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. சிறு துன்பம் பெருந்துன்பத்தைத் தாங்கும் வலியைத் தந்தது! 1997ஆம் ஆண்டளவில், குழாயை அடையாமலே, ஐசோபுளூரேன் என்னும் மயக்க வாயுவை முன்னதாகச் செலுத்தினும் இத்தகைய காவல் விலங்குகளுக்கு உண்டாதல் காணப்பட்டது. உயிரணுவுக்கு ஆற்றல் அளிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின்கண் உள்ள பொட்டாசிய வாயில்கள் திறத்தல் இதற்கொரு காரணம் என்பர்.

இனி மனிதரிடம் வருவோம். அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் சிகிச்சையில், செவோபுளூரேன் வாயுவையும், இரத்தநாளத்தில் ஏற்றப்படும் புரோபோபாலையும் பெல்ஜிய வைத்தியர் ஒப்பிட்டு 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வாயு பெற்றோரின் இருதயம் நன்கு இயங்கிற்று. தசை சேதமுற்றால் இரத்தத்தில் கசியும் டிரோபோனின் என்னும் பொருளும் குறைந்திருந்தது. இவ்வாயுவால் உயிர்களும் மிகுதியாகத் தப்பும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

ஆனால், டிரோபோனின் குறைதல் வேறு. மனிதன் பிழைத்தல் வேறு. இதனை அறியப் பதின்மூன்று நாடுகளில் 36 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 5,400 நோயாளிகளைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவசரமின்றி முன்னரே நாள் குறித்துச் சிகிச்சை பெற்றோரே அவர். ஓராண்டிற்குள் இறந்தோர், வாயு பெற்றவருள் நூற்றுக்கு 2.8, பெறாதவருள் நூற்றுக்கு 3.0. இதனை வேறுபாடெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இத்தனை ஆண்டு உழைப்பும் வீணே என்று சிலர் கூறக்கூடும். யாம் அதற்கு உடன்படோம். நாய்களிடம் கண்டது பொய்யன்று. ஆயின் ஆய்வுசாலை விலங்கின் நலமிக்க இருதயம் வேறு. முதுமையும் நீரிழிவும் நலித்த மனிதனின் இருதயம் வேறு. குழாயை நெடுநேரம் அடைத்து ஊறு செய்தல் வேறு. குளிர்வித்தும் மருந்தளித்தும் இருதயத்தைப் பலவாறு காத்துச் செய்யும் சிகிச்சை வேறு.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஐதராபாத்து நிஜாமின் ஆதரவில் கூடிய இரு குழுவினர், பல நூறு விலங்குகளைச் சோதித்து, குளோரோபாரத்தால் முதலில் நிற்பது மூச்சே, இருதயத்துக்கு அஞ்ச வேண்டா என முடிவு கூறினர். அம்மருந்து இருதயத்தையே திடீரெனத் தடுமாறச் செய்து கொல்லவும் கூடும் என்பதை 1911ஆம் ஆண்டில் லெவி என்பார் விளக்கினார். முன்னைய முடிவை நம்பி இருதயத்தைக் கவனியாது விட்டிருந்தால் நேரும் கேடு எத்தகையது!

ஆதலின் ‘வேறுபாடில்லை’ என்னும் விடையைத் தோல்வியென எண்ணற்க. இத்தகைய நோயாளிக்கு இதையே கொடுத்தல் வேண்டும் என்னும் கட்டு அவ்விடையால் அவிழ்ந்தது. வைத்தியர் நோயாளியின் நிலையும் தம் பயிற்சியும் நோக்கி மருந்தைத் தெரிந்தெடுக்கலாம். அழகிய கொள்கை ஒன்று மெய்யாய் இருத்தல் வேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. அவ்விருப்பத்தை அடக்கி, ‘நோயாளி பிழைத்தானா?’ என்று வினவுவதே சாஸ்திரம் கற்பார்க்குரிய ஒழுக்கமாகும்.