உறங்க மறுக்கும் கருவிகள்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டதை மட்டக்களப்பு வாவிக்கரை மாணவர் மறந்திரார். அன்று மடிக்கணினியின் பற்றரியே அவர்களுக்குத் துணை.

அதனைக் காக்க லினக்ஸ் இயங்குதளத்தின் கேர்னல் ஒரு முறை வைத்திருக்கிறது. யூஎஸ்பி ஹப் வேலையற்றிருப்பின் உடனே உறங்கவிடும். விசைப்பலகை, மவுஸ் முதலிய பெரும்பாலானவற்றையோ, நாம் பணித்தாலன்றி உறங்கவிடாது. தோணியிற் கண்ணயர்ந்தாலும், விரலிற் சுற்றிய தூண்டிற்கயிறு அசைந்ததும் விழித்துக்கொள்ளும் மீனவரைப் போன்றவை அல்ல எல்லாக் கருவிகளும். சில, உறங்கினால் ஒழுங்காக எழுவதில்லை. இவ்வெச்சரிக்கை நமக்கு உடன்பாடே. ஆயினும் கீழுள்ள கருவியொன்று விழித்திருப்பினும் யூஎஸ்பி கட்டுப்படுத்தியும் உடன் விழித்திருக்க வேண்டியதாகிறது. பற்றரி வீணே கரைகிறது.

ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் உரிய ‘கண்ட்ரோல்’ கோப்பில் ‘ஆட்டோ’ என எழுதிச் சோதிப்போம். முரண்டு பிடிப்பதற்கு மட்டும் மீண்டும் ‘ஆன்’ என எழுதிவிடலாம்.