நிறுத்தப்படும் ரயிலின் செலவு யார் கணக்கில் ஏறும்?

மொன்றியல் பெருநகரப் பொதுப்போக்குவரத்தில் 2025ஆம் ஆண்டுக்குத் துண்டுவிழும் தொகை 56 கோடி டொலரைத் தாண்டும் என்று, பிராந்தியப் போக்குவரத்து அதிகார சபையான ஏஆர்ரிஎம் 2024 வசந்த காலத்தில் கணக்கிட்டது. அதைக் குறைக்க ஆராயப்பட்ட வழிகளும் அப்போது செய்திகளில் வெளிவந்தன. மெட்ரோவை இரவு 11 மணிக்கு மூடுவது ஒன்று. எக்ஸோ புறநகர் ரயில்களை நிறுத்திவிடுவது இன்னொன்று. இவை முடிவுகள் அல்ல என்று விளக்கம் தரப்பட்டது. ரயில்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் வெட்டுப் பட்டியலில் ஒருமுறை ஏறிய பெயர், பணம் தட்டுப்படும்போதெல்லாம் மறுபடி மேசைக்கு வரும். எனவே லொங்குய்யிலும் தென்கரையின் மற்ற ஊர்களிலும் வாழும் நாம் இந்தக் கணக்கை இப்போதே விளங்கிக்கொள்வது நல்லது.

எமது பக்கத்தால் போவது மோன்-சென்-ஹிலேர் பாதை. லொங்குய்ய்–சென்-ஹூபேர், சென்-லம்பேர் நிலையங்களில் நின்று, விக்ரோறியா பாலத்தால் ஆற்றைக் கடந்து மத்திய நிலையத்துக்குப் போகிறது. பெரும்பாலும் காலையில் நகருக்குள்ளே, மாலையில் வெளியே என்ற ஒழுங்கில்தான் ஓடுகிறது.

வெட்டச் சொல்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. கோவிட்டுக்குப் பிறகு அலுவலக வேலை செய்பவர்கள் பலர் வாரத்தில் சில நாட்களே நகருக்குப் போகிறார்கள். பயணிகள் குறைந்தால் ஒரு பயணிக்கான சராசரிச் செலவு ஏறும். இரவு வேலைக்குப் போகும் எம்மவருக்கு இந்த ரயில் உதவுவதும் இல்லை. அப்படியிருக்க, நாம் ஏன் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும்?

முதற் காரணம், சராசரிச் செலவு வேறு, மிச்சப்படும் பணம் வேறு. சாப்பாட்டுக் கடை நடத்தும் எவருக்கும் இது தெரியும். மதிய வியாபாரம் குறைவு என்று மத்தியானத்தில் கடையைப் பூட்டினால், ஒரு ஆளின் சம்பளமும் கொஞ்சம் மரக்கறியும் மிஞ்சும். கடை வாடகையும் காப்புறுதியும் அடுப்பு வாங்கிய கடனும் அப்படியே நிற்கும். முன்பு இரண்டு வேளை வியாபாரம் சுமந்த அந்தச் செலவை இனி ஒரு வேளை வியாபாரம் சுமக்க வேண்டும். ரயிலும் அப்படித்தான். வாங்கிய பெட்டிகள், கட்டிய நிலையங்கள், பராமரிப்பு நிலையம் எல்லாம் நிலையான செலவுகள். இரண்டு ஓட்டங்களை வெட்டினால் பயணி உடனே போய்விடுவார். செலவு அவரோடு போகாது. அடுத்த ஆண்டு சராசரிச் செலவு இன்னும் ஏறும், அதைக் காட்டி அடுத்த வெட்டு வரும்.

இரண்டாவது, வெட்டு எங்கே விழுகிறது என்பது. 2023 யூலை 31இல் புறொசாட்டிலிருந்து ரெம் ஓடத் தொடங்கியது. அதை நடத்தும் கேஸ் ஓய்வூதிய நிதிக்கு, ஒவ்வொரு பயணியும் போகும் தூரத்தைக் கணக்கிட்டு ஏஆர்ரிஎம் பணம் கட்டுகிறது. அது நீண்டகால ஒப்பந்தம். அதில் கை வைக்க முடியாது. சம்ப்ளெயின் பாலத்தால் நேரே நகருக்குப் போன பஸ்களும் ரெம் நிலையங்களுக்குத் திருப்பப்பட்டுவிட்டன. ஒப்பந்தம் கட்டிப்போடாதவை எக்ஸோ ரயிலும், சாதாரண பஸ்ஸும், மெட்ரோவின் கடைசி இரண்டு மணித்தியாலங்களுமே. தேவை குறைந்த இடத்தில் கத்தி விழுவதில்லை. வெட்ட இலகுவான இடத்தில்தான் விழுகிறது.

இங்கேதான் எமது இரவு வேலைக்காரர் வருகிறார். ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் லொங்குய்ய் பஸ்ஸுக்கும் பணம் வருவது ஒரே பெட்டியிலிருந்து. இன்று அலுவலகக்காரரின் ரயில்தானே என்று பேசாமல் இருந்தால், நாளை 11 மணிக்கு மெட்ரோ மூடும் கதை வரும்போது அலுவலகக்காரரும் பேசாமல் இருப்பார். நகரத்து உணவகச் சமையலறையில் நள்ளிரவில் வேலை முடிக்கும் ஒருவருக்கு, மஞ்சள் பாதை மெட்ரோ இல்லையென்றால் ஆற்றைக் கடக்கத் ராக்சிதான். அன்று உழைத்ததில் எவ்வளவு மிஞ்சும்?

மூன்றாவது, அரசின் ஏட்டில் அழிக்கப்படும் செலவு குடும்பத்தின் ஏட்டில் எழுதப்படுகிறது. பொதுப்போக்குவரத்துக்காக வாகனப் பதிவோடு அறவிடும் 59 டொலர், 2024இல் பெருநகரின் 82 மாநகரசபைகளுக்கும் விரிக்கப்பட்டது. 2025 தை முதலாம் திகதி அது 150 டொலராக உயர்த்தப்பட்டது. இரண்டு கார் வைத்திருக்கும் வீட்டுக்கு 118 டொலர் 300 ஆகிவிட்டது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு ரயிலையும் வெட்டினால், இரண்டாவது கார் வாங்கு என்று சொல்வதற்குச் சமம். லூயி-ஹிப்போலித்-லாஃபொந்தேன் சுரங்கப் பாதையைத் திருத்தும் செலவு சுமார் 250 கோடி டொலர் என்று 2022இல் அறிவித்தார்கள். அதைத் துண்டுவிழும் தொகை என்று எவரும் அழைக்கவில்லை, முதலீடு என்றே அழைத்தார்கள். சுரங்கத்தில் ஓடுபாதைகள் குறைக்கப்பட்டபோது, பொதுப்போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டவர்களும் அரசாங்கத்தினரே.

கடைசியாக, நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். திரும்பக் கொண்டுவருவதற்குப் போதாது. இதே மோன்-சென்-ஹிலேர் பாதையில் 1988இல் நிறுத்திய பயணிகள் சேவை 2000இல்தான் மீண்டும் வந்தது. 12 ஆண்டுகள். தண்டவாளம் சிஎன் நிறுவனத்துடையது. இன்று விட்டுக்கொடுக்கும் ஓட்ட நேரத்தை நாளை கேட்டவுடன் தரவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எமது ஊரில் யாழ்தேவி 1990இல் நின்றது போரால். இங்கே அந்த நிலைமை இல்லை, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசவும் வேண்டாம். ஆனாலும் ஒரு விடயம் எமக்கு அனுபவத்தில் தெரியும். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் திரும்பி வந்தபோது, 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறை ரயிலில்லாத வாழ்க்கைக்குப் பழகிப்போயிருந்தது.

ரயிலை ஒரு சதம் குறையாமல் அப்படியே வைத்திரு என்று நாம் கேட்கவில்லை. நேர அட்டவணையை மாற்றலாம், சிறிய ரயில்கள் ஓட்டலாம். வெட்டு என்று வரும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். சராசரியை விடுங்கள், அடுத்த ஆண்டு உண்மையில் மிஞ்சும் காசு எவ்வளவு? இறக்கிவிடப்படும் பயணிகளை எந்த பஸ் ஏற்றும், அதற்கு என்ன செலவு? பின்னொரு நாள் சேவையை மீட்கத் தண்டவாள உரிமை காக்கப்படுமா?

லொங்குய்ய் மாநகரசபைக் கூட்டங்களில் பொதுமக்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கப்படுகிறது. 2026 ஒக்ரோபரில் மாகாணத் தேர்தல் வருகிறது. வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவரிடமும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பிரெஞ்சு சரளமாக வராதவர்கள் பிள்ளைகளிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.