நாற்பத்தாறு வயதில் விமானம் ஓட்டினேன்!

சென்ற இதழில் கூழ்வடகம் பற்றி எழுதியிருந்தேன். "வடகத்துக்குக் காவலாக மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு சகோதரி கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பொம்மை விமானத்துக்கு இறக்கை ஒட்டிக்கொண்டிருப்பேன்!

சிரிக்காதீர்கள். பேட்டரியில் ஓடி, ரிமோட் சொன்னபடி கேட்கிற குட்டி விமானம். நுரைப் பலகையில் செய்தது. இறக்கை முக்கால் மீட்டர் நீளம். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், பேட்டரியோடு சேர்த்து 235 கிராம். இது என் கைக்கு வந்த கதை கொஞ்சம் சங்கடமானதுதான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இதைச் செய்தவன் என் மகன். அப்போது ப்ளஸ் டூ. கைச்செலவுக் காசைச் சேர்த்து மோட்டார் ஒன்று, வால் அசைக்கிற குட்டி மோட்டார் இரண்டு என்று வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தான். அரைப்பரீட்சை மார்க் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். "பரீட்சை முடியட்டும், தாரேன்" என்றேன். பரீட்சை முடிந்தது. மார்க்கும் சுமாராகத்தான் வந்தது. பிள்ளை கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தான். அவனும் பெட்டியைக் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஃபோன் பேசினால், "சாப்பிட்டியாப்பா?" "ம்." "உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" "இல்ல." அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது பெட்டி கீழே வந்தது. திறந்தால், பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது. "குப்பையோடு சேர்த்துக் கொல்லையில் வச்சுக் கொளுத்திரு" என்றார் என்னவர். தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். என்ன தோன்றியதோ, ஒரு படம் எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷம் அவனே கூப்பிட்டான்.

"எம்மா! அதத் தீயில போட்றாத! வெடிச்சிரும்!"

அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினான். முக்கால்வாசி பேட்டரியைப் பற்றித்தான். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி பேட்டரி நம் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் பலவற்றில் இருக்கிறது. லித்தியம் பாலிமர் என்று பெயர். எடை குறைவு, வேகம் அதிகம். உப்பிப்போனதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. குத்தக் கூடாது, நசுக்கக் கூடாது, தீயில் போடக் கூடாது. மணல் கொட்டிய மண்சட்டியில் வைத்து வெளியே ஒதுக்குப்புறமாக வைத்திருந்து, பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்குகிற இடத்தில் சேர்த்துவிட வேண்டும். நல்ல பேட்டரியாக இருந்தாலும் அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் போட வேண்டும். ஓர் அறைக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது, சும்மா வைத்திருப்பதானால் 3.8 அளவில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். என் மீன்குழம்புச் சட்டி ஒன்று அதற்கே போய்விட்டது!

பொங்கலுக்கு வரும்போது புதுப் பேட்டரி வாங்கி வந்தான். மறுநாள் விடியற்காலை ஊருக்கு வெளியே ஆடு மேய்கிற பொட்டலுக்கு என்னையும் கூப்பிட்டான். அவன் பறக்கவிட்டதைப் பார்த்தேன். சத்தமே இல்லை, தேனீ பறப்பது போல ஒரு ரீங்காரம். "நீ ஓட்டுதியாம்மா?" என்று ரிமோட்டை நீட்டினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதே வாயால்தானே அன்றைக்குப் பூட்டி வைத்தேன் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

இடது கைக் குச்சி மோட்டார் வேகத்துக்கு. வலது கைக் குச்சி மேலே, கீழே, இடது, வலது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். விமானம் இடதுபக்கம் சாய்ந்தால் பதறிப்போய் வலதுபக்கம் குச்சியை முழுக்கத் தள்ளினேன். அது அந்தப் பக்கம் புரண்டது. மறுபடி இடது. கீழே வருகிறதே என்று பயந்து மேலே இழுத்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே வேகம் செத்து, தலைகுப்புற விழுந்தது. வேகம் இருந்தால்தான் இறக்கை தாங்கும், வெறுமே மேலே இழுப்பதால் ஏறாது என்று அப்புறம் சொன்னான்.

மூன்று தடவை விழுந்தது. நாலாவது தடவை பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னான்: "எம்மா, கைய எடு. ஒண்ணும் பண்ணாத. கைய மட்டும் எடு."

எடுத்தேன். ஆடிக்கொண்டிருந்த விமானம் தானே நிமிர்ந்து நேராகப் போனது.

இறக்கை இரண்டும் நுனியில் சற்று மேலே தூக்கி, விரித்த புத்தகம் போல இருக்கிறதல்லவா, அதனால் வருகிற குணமாம் அது. ஒருபக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த இறக்கைக்கு ஏந்தல் கூடி, தானே தூக்கிக்கொள்ளும். பழகுகிறவர்களுக்கென்றே அப்படிச் செய்வார்களாம். கொஞ்சம் உயரமும் போதிய வேகமும் இருந்தால், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விமானத்தைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்று சொன்னால் பொய்.

அவன் ஹாஸ்டலுக்குப் போனபின் நானே பழகினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் எத்தனை தடவை விழுந்தாலும் செலவில்லை. ஒரு மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அதுதான் வேலை. "ஏளா, கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?" என்று அத்தை கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களே பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "விழப்போவுது, விழப்போவுது" என்று சொல்லத் தொடங்கினார்கள்!

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது, விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாவதுதான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பின்னலில் பூ வைக்கும்போது கை எதிர்ப்பக்கம் போகுமே, அந்தக் கதை. அதற்கு ஒரு சின்ன வழி: எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், தாங்கிப் பிடிக்கிற மாதிரி. எதிரே வரும்போது மட்டும்தான் இது. மாசிக் கடைசியில்தான் எனக்குக் கைகூடியது.

காலை ஆறரைக்கு முன்னால் காற்று அடங்கியிருக்கும், அப்போதுதான் போவேன். காற்றுக்கு எதிர்முகமாக, மேலே பார்த்து எறியாமல் மட்டமாக விட வேண்டும். அதற்குமுன் இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்ப்பேன். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே தராசு மாதிரி நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துவேன். வால் கனத்த விமானம் யார் பேச்சும் கேட்காது. பேட்டரி ஏழெட்டு நிமிஷம் வரும். நான் கைக்கடிகாரம் பார்த்து ஐந்தாவது நிமிஷமே இறக்கிவிடுவேன்.

ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்குள் ப்ரொப்பெல்லரைக் கழற்றாமல் மோட்டாரைச் சோதித்துப் பார்த்தேன். சேலைத் தலைப்பை விலக்கப் போன விரலில் சதக்கென்று வெட்டிவிட்டது, இரண்டு தையல். ரிமோட்டை முதலில் போட்டு, வேகக் குச்சி கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் பேட்டரியைச் செருக வேண்டும். முடிக்கும்போது பேட்டரியை முதலில் கழற்றி, ரிமோட்டைக் கடைசியாக அணைக்க வேண்டும்.

இன்னொன்று. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளில் மாடல் விமானங்களும் அடங்கும். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்பதை வரைபடத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியிலேயே 400 அடிதான் எல்லை. உங்கள் ஊருக்கு என்ன, எதைப் பதிய வேண்டும் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆள் கூட்டத்துக்கு மேலே, மின்கம்பி பக்கத்திலே வேண்டவே வேண்டாம். எங்கள் தென்காசிப் பக்கத்தில் விமான நிலையம் இல்லை, ஆனால் ஆனியில் சாரல் காற்று வந்துவிட்டால் குட்டி விமானத்தை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் முன்னோடி யார் என்று மகனிடம் கேட்டேன். 1957-ல் இங்கிலாந்தில் டாப்ளின் என்ற கர்னல், வெள்ளி-துத்தநாக பேட்டரியில் ரேடியோவால் ஓட்டிய விமானமாம். "ரேடியோ குயின்" என்று பெயர். பாருங்கள், ராணி!

டாக்டர் தினம் அரைமணி நடக்கச் சொல்லி மூன்று வருஷமாயிற்று. நடந்தேனா? இப்போது பொட்டலுக்குப் போய், விழுந்த இடத்துக்கு ஓடி, எடுத்துத் திரும்பி... தனியாக நடக்கவே வேண்டியதில்லை.

சித்திரையில் மகன் வந்தான். நான் வட்டமடித்து இறக்கியதைக் கைகட்டிப் பார்த்தான். "இத எங்கிட்ட நீ கேட்டிருக்கலாமேப்பா, அப்பவே" என்றேன், ரிமோட்டைக் கொடுத்துக்கொண்டே. "கேட்டா நீ ஏசுவேன்னு நெனச்சேன்" என்றான், வானத்தைப் பார்த்தபடி.

வேகமாக ஓட்டினான். கருவேல மரத்துப் பக்கம் தாழ்வாகத் திருப்பினான். "மரம்டா" என்று நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்த நொடி விமானம் மரத்தின் உச்சியில். பக்கத்துத் தோட்டத்தில் முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியைக் கேட்டு வாங்கி, இரண்டு பேருமாக முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு எடுத்தோம். நீங்கள் பழகப் போனால், வீட்டிலிருந்தே ஒரு துரட்டியைக் கொண்டுபோய்விடுங்கள்.