ஒரு வெள்ளி மருந்துக்கு இருபது வெள்ளி கார் கூலி



கிள்ளான் பக்கம் ஒரு தாமான் கடைவரிசையில் உள்ள மருந்துக் கடையில் போன மாதம் ஓர் அம்மாவைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியிருக்கும். கையைப் பார்த்தாலே பால் மரம் வெட்டிய கை என்று தெரிந்துவிடும். கசங்கிப்போன டாக்டர் சீட்டை மேசையில் விரித்து வைத்து, "முழு அட்டை வேணாம் தாயி, பாதி வெட்டிக் குடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்குவேன்" என்றார். அது இனிப்பு நீர் மாத்திரை. "ஆன்ட்டி, இது தினமும் சாப்பிடற மருந்து" என்று கடைப் பெண் சொல்லிப் பார்த்தாள். அம்மா கேட்கவில்லை. முந்தானை முடிச்சில் இருந்த பணம் அவ்வளவுதான்.

வெளியே வந்ததும், "ஏம்மா, இதே மருந்து அரசாங்க கிளினிக்கில் கிடைக்குமே, போகலியா?" என்று கேட்டேன்.

"மருந்து சும்மாதான் குடுக்கறாங்க ஐயா. போக வர கார் கூலி இருவது வெள்ளிய யாரு குடுக்கறது? பையன் லீவு போட்டா அன்னிக்குச் சம்பளம் போச்சு."

சங்கதி இதுதான். மருந்து விலை ஏறிப்போச்சு, ஏழை எப்படி வாங்குவான் என்று நாம் பேசுகிறோம். தனியார் கடையைப் பார்த்தால் அது நியாயமான பேச்சு. ஆனால் நம் நாட்டு அரசாங்க கிளினிக்கில் ஒரு குடிமகன் ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரையும் பார்க்கலாம், மருந்தும் வாங்கலாம். 60 வயது ஆனவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் கிடையாது. அப்படியிருந்தும் நம் கிழவனும் கிழவியும் மாத்திரையைப் பாதியாக உடைக்கிறார்கள் என்றால், அவர்களைத் தடுப்பது மருந்தின் விலை அல்ல, மருந்து இருக்கும் இடத்துக்குப் போகும் வழி.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. லயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தோட்ட ஆஸ்பத்திரி, அதிலே ஒரு டிரெசர். அவர் கொடுத்த மருந்தைப் பற்றி நம் பெரியவர்கள் ஆயிரம் கேலி பேசுவார்கள், அது வேறு விஷயம். காய்ச்சல் என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. வேலையை விட்ட அன்றைக்கு லயத்து வீடும் போயிற்று, அந்த வாசலும் போயிற்று. கிள்ளானைச் சுற்றியிருந்த எத்தனையோ தோட்டங்கள் இன்றைக்குத் தாமானாகவும் தொழிற்சாலையாகவும் ஆகிவிட்டன. மரம் வெட்டியவர்கள் அடுக்குமாடி வீட்டு நாலாவது மாடியில் மகன் வீட்டில் இருக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் இருந்த நம்மவர்களை நினைத்துப் பாருங்கள். அரசாங்க ஓய்வூதியம் வாங்குகிறவர் ஓய்வூதிய அட்டையைக் காட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்கினாலும், விதிப்படி பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. அவர் உழைத்தார், அவருக்குச் சேர வேண்டியது அது, குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஓட்டிய ரயிலில் போன ரப்பரை வெட்டியவன் யார்? அவனுக்கு ஓய்வூதியம் இல்லை. சேமநிதிப் பணம் இருந்தது. மகள் கல்யாணத்தில் பாதி, வீட்டு முன்பணத்தில் பாதி என்று அது கரைந்துபோனது.

இது சின்னக் கூட்டத்தின் பிரச்னை என்று நினைக்க வேண்டாம். 2018-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தக் கொதிப்பு; நூற்றுக்கு 27.7 பேருக்கு இனிப்பு நீர். 2019 கணக்கில் இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31.4 பேருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இருபது வெள்ளியை மிச்சம் பிடிக்க மாத்திரையைக் குறைத்தால் கடைசியில் சிறுநீரகம் போகும். அப்புறம் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். அதற்கு யார் கார் பிடிப்பது?

இன்னொரு பேச்சும் நம்மிடையே உண்டு. "ஒரு வெள்ளி மருந்து கேக்காது, கடை மருந்துதான் கேக்கும்." இதை நான் படித்தவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். பனடோல் எல்லாருக்கும் தெரியும். அதில் உள்ள மருந்தின் பெயர் பாராசிட்டமோல். கிளினிக்கில் வெறும் பாராசிட்டமோல் என்று கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கத்தானே செய்கிறது? இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் 1957-லேயே பிரான்சில் வழக்கத்துக்கு வந்த பழைய மருந்து. கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபினைப் பல கம்பெனிகள் செய்கின்றன. பெட்டியும் பெயரும் விலையும் மாறும். உள்ளே உள்ள மருந்து ஒன்றுதான். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூட்டு வலிக்கு என்று சந்தையில் விற்கும் எண் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இனிப்பு நீர்க்காரருக்கு அது விஷம் மாதிரி.

சரி, வழி என்ன? பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிக் கொடுத்தால், மாதாமாதம் அங்கேயே போய் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே அடுத்தடுத்த மாத மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு 'ஸ்புப்' என்று பெயர். மருந்து கொடுக்கும் ஜன்னலில், "ஸ்புப் வேணும்" என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தபாலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு, தபால் கூலி மட்டும் நாம் கட்ட வேண்டும். மருந்துச் சீட்டையும் கார்டையும் கொண்டுபோனால் பிள்ளைகளே வாங்கி வரலாம். டாக்டர் பார்க்கும் தேதிக்குத்தான் அப்பாவோ அம்மாவோ நேரில் போக வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். மிஸி கடுகடுப்பாகப் பேசினாலும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

தனியாரிடம்தான் போக வேண்டி வந்தால் வாயைத் திறந்து விலை கேளுங்கள். 2025 மே முதல் தேதியிலிருந்து தனியார் கிளினிக்கும் மருந்துக் கடையும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்து டாக்டர்கள் அந்த மாதமே புத்ராஜெயாவுக்குப் போய்க் குரல் எழுப்பினார்கள். அவர்கள் நியாயம் அவர்களுக்கு. விலை தெரிந்தால் நமக்கு நல்லது.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2019-ல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தில் 40 வயதான எஸ்.டி.ஆர். உதவிக்காரர்களுக்கு இலவச இரத்தப் பரிசோதனை உண்டு, தவறவிடாதீர்கள். அதே திட்டத்தில் வழிச்செலவுக்கும் பணம் இருக்கிறது, தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை. ஆனால் அது புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் மருத்துவக் கருவி உதவிக்கும் போகிறவர்களுக்குத்தான். இனிப்பு நீருக்கு மாதாமாதம் மருந்து வாங்கும் கிழவிக்கு ஏன் இல்லை? சமூகநல உதவியை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 500-லிருந்து 600 வெள்ளியாக உயர்த்தினார்கள். அரிசியும் வாடகையும் போக அதில் கார் கூலிக்கு என்ன மிஞ்சும்? தோட்டக் கம்பெனிகளையும் கேட்க வேண்டும். கிளினிக் இன்னும் நடக்கும் தோட்டங்களில், முப்பது வருஷம் உழைத்துவிட்டு வெளியே போனவருக்கும் கதவு திறந்திருக்கட்டும். தொழிற்சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் இதை வைத்துப் பேசலாம். ஒரு பாட்டில் மாத்திரையால் எந்தக் கம்பெனியும் நொடித்துவிடாது.

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் நிலைதான் மோசம். மேலே சொன்ன சலுகைகளெல்லாம் குடிமக்களுக்கு எழுதியவை. இங்கேயே பிறந்தும் பேப்பர் இல்லாததால் சிவப்போடு நின்றவர்கள் எத்தனை பேர்! 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியருக்குக் குடியுரிமை என்று 2018-ல் அரசாங்கம் அறிவித்தது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இன்னும் சிவப்புதான் என்றால், பிறப்புப் பத்திரம், பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிக்கூடச் சான்று எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு பதிவிலாகாவுக்குப் போங்கள். அவர் தனியே போக மாட்டார். யாராவது கூட்டிப்போக வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகக் கோயில் கமிட்டி வேன் பிடிக்கிறது, ஆளுக்கு இத்தனை என்று பணம் பிரிக்கிறது. அதே வேன் மாதத்தில் ஒரு காலை கிளினிக்குக்கும் போகலாமே? பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு நாலு வெள்ளி, அஞ்சு வெள்ளிதான் வரும். இதை அந்த அம்மா இருக்கும் தாமான் கோயில் கமிட்டிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். "பேசிப் பாக்கறேன் சார்" என்றார். கிளினிக்கில் பேர் பதிந்துகொள்ள அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாக அம்மாவும் சொல்லியிருக்கிறார். வேன் வந்தால் வேன், வராவிட்டால் என்னுடைய பழைய கார்.