யார் உடம்பில் முதல் பாடம்? குழாய் வழி மருந்து சிகிச்சையும் டாக்டர்களின் பயிற்சிப் பொறியும்

"ரெஃபர்" என்ற சொல்லை அந்தமான் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தச் சொல் விழுந்துவிட்டால், கப்பலா விமானமா, கூடப் போவது யார், சென்னையில் தங்குவது எங்கே என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடுகிறது. பத்துபஸ்தியில் கூலிக்காரர் வீடானாலும் குமாஸ்தா வீடானாலும் இதுதான் நிலை. கப்பல் சென்னை போய்ச் சேர மூன்று நாள் பிடிக்கும். அனிஷி, ஆயுஷ்மான் பாரத் ஆகிய திட்டங்கள் சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். துணைக்குப் போகிறவர் இழக்கும் கூலியை யாரும் தாங்குவதில்லை.

இப்படிப் போகிறவர்களில் சிலருக்கு அங்கே அறுவை நடப்பதில்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ சிறு துளையிட்டு, கத்தீட்டர் என்னும் மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாகவே செலுத்தி, நோய் இருக்கும் இடத்தில் மட்டும் மருந்தை விடுகிறார்கள். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே குழாயை நகர்த்த வேண்டும். வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1929-ல் தம் கை நரம்பு வழியாகத் தம் இருதயத்துக்கே குழாயை விட்டுப் பார்த்தார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் நாட்டில் இருதய ரத்தக்குழாய் அடைப்பைக் குழாய் வழியே நீக்கும் சிகிச்சை 1986-ல் சென்னையில்தான் தொடங்கியது.

மருந்தை இலக்கில் விடுவதற்கு ஈரல் புற்றுநோய் நல்ல உதாரணம். நல்ல ஈரலுக்குப் பெரும்பகுதி ரத்தம் குடலிலிருந்து வரும் சிரை வழியாகக் கிடைக்கிறது. கட்டியோ தமனி ரத்தத்தையே நம்பி வளர்கிறது. ஆகவே கட்டிக்குப் போகும் தமனிக் கிளையைத் தேடிப் பிடித்து, அதில் மருந்தை விட்டு, பின்னர் அந்தக் கிளையையும் அடைத்துவிட்டால், கட்டிக்கு மருந்தும் கிடைக்கும், பட்டினியும் கிடைக்கும். உடம்பு முழுவதும் மருந்து பரவி வாட்டுவது குறையும். ஜப்பானிய டாக்டர்கள் 1970-களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்த இந்த முறை இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. அந்தமானுக்கும் இது தூரத்து விஷயமல்ல. நிக்கோபாரிகள் உள்ளிட்ட பழங்குடியினரிடையே ஹெபடைடிஸ்-பி கிருமி மிக அதிகம் என்று போர்ட் பிளேரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். மையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கினால் சிலருக்கு ஈரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது.

கை சற்றுத் தவறினால் என்ன ஆகும்? மருந்தை வேகமாகத் தள்ளினால் அது பின்னோக்கி வழிந்து வயிற்றுக்கோ பித்தப்பைக்கோ போகும் கிளையில் புகுந்துவிடும். புற்றுநோயைக் கொல்ல வேண்டிய மருந்து வயிற்றில் புண்ணை உண்டாக்கும். கம்பியை முரட்டுத்தனமாக முறுக்கினால் குழாயின் உட்சுவர் கிழியும். இந்தக் கைப்பழக்கத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெரியவர் செய்வதைப் பார்த்து, பிறகு அவர் பக்கத்தில் நிற்கத் தானும் செய்து பார்ப்பதுதான் நெடுநாளைய வழக்கம். செய்து பார்ப்பது யார் உடம்பில் என்பதை வெளிப்படையாகச் சொல்வாரில்லை. போதனை ஆஸ்பத்திரியில் இலவச வார்டில் படுத்திருப்பவர் யார் என்று தெரிந்தவர்களுக்கு விடையும் தெரியும்.

விமானத் துறை இந்தக் கேள்வியை முன்பே சந்தித்தது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் 1929-ல் தரையிலேயே நிற்கும் பயிற்சி விமானத்தைச் செய்தார். அப்போது அதைப் பெரிதாக மதித்தவர் இல்லை. 1934-ல் தபால் விமானங்களை ஓட்டப் பணிக்கப்பட்ட ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. இன்று ரயில் எஞ்சின் ஓட்டுநர்களும் சிமுலேட்டரில் பழகுகிறார்கள். டாக்டர்களுக்குத்தான் அது கடைசியில் வந்தது.

ஸ்வீடனின் மென்டிஸ் போன்ற நிறுவனங்கள் செய்யும் பயிற்சிப் பொறியில் படுத்திருப்பது ஒரு பொம்மை. உள்ளே விடுவது கம்பியும் குழாயும்தான். அவற்றைத் தள்ளுவதையும் முறுக்குவதையும் உள்ளிருக்கும் கருவிகள் அளக்கின்றன. கம்பி சுவரில் இடிக்கும்போது சிறு மோட்டார்கள் கைக்குத் தடையை உணர்த்துகின்றன. திரையில் எக்ஸ்ரே படம் போலவே ரத்தக்குழாய்கள் தெரியும். ஆனால் கதிர்வீச்சு கிடையாது. எத்தனை நிமிடம் ஆயிற்று, எவ்வளவு சாயம் செலவாயிற்று, எத்தனை முறை தவறான கிளையில் நுழைந்தார் என்று எல்லாவற்றையும் பொறி குறித்து வைக்கிறது. நூறு முறை தவறினாலும் எவருக்கும் நஷ்டமில்லை.

பலன் உண்டா? அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் செய்து 2002-ல் வெளியான சோதனை ஒன்று துளைவழிப் பித்தப்பை அறுவையைப் பற்றியது. பொறியில் பழகியவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்களே பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத இடத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் 16 பேர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கழுத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைப்பதை அனுமதித்தபோது, சிமுலேட்டர் பயிற்சியையும் டாக்டர்களின் பயிற்சித் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டிலும் விதிகளின்படி மருத்துவக் கல்லூரிகளில் கைத்திறன் பயிற்சிக் கூடம் இருக்க வேண்டும். 2015-ல் தொடங்கிய அந்தமான் மருத்துவக் கல்லூரிக்கும் இது பொருந்தும். தொடு உணர்வைத் தரும் மருத்துவப் பயிற்சிக் கருவிகளைச் சென்னை ஐ.ஐ.டி.யே ஆராய்ந்து வருகிறது. எல்லாம் அயல்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை.

இங்கேதான் தீவுக்கே உரிய சங்கடம் தலைகாட்டுகிறது. 2011 கணக்கெடுப்பில் இந்த யூனியன் பிரதேசத்தின் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். இத்தனை பேரில் குழாய் வழி மருந்து தேவைப்படும் ஈரல் நோயாளிகள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்க முடியும். சென்னையில் நோயாளிக் கூட்டமே டாக்டரின் கையைப் பழக்கிவிடும். தீவில் நிபுணர் ஒருவரை நியமித்தாலும், மாதக்கணக்கில் குழாயைத் தொடாமல் இருந்தால் அவர் கை மறந்துபோகும். ஆகவே நோயாளிகள் குறைந்த ஊருக்குத்தான் பயிற்சிப் பொறி அதிகம் தேவை. நடைமுறையிலோ பெரிய நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளே முதலில் வாங்குகின்றன. பொறியின் விலையும் சிறிய கல்லூரிகளைத் தயங்க வைக்கும்.

பொறி வந்துவிட்டால் சிகிச்சையும் வந்துவிடும் என்று நம்புவது வீண். எக்ஸ்ரே கூடம் வேண்டும். ஈரல் நிபுணரும் மயக்க மருந்து டாக்டரும் வேண்டும். ரத்தக் கசிவு ஏற்பட்டால் உடனே அறுவை செய்ய ஆள் வேண்டும். எந்த நோயாளிக்கு மருந்தே விடக்கூடாது என்ற தீர்ப்பைப் பொறி கற்றுத் தராது. பரிசோதனைக்கு வரும் குழுவுக்குத் திறந்து காட்டிவிட்டு, மறுநாள் பூட்டி வைக்கும் கூடமாக அது ஆகிவிட்டால் பணம்தான் பாழ்.

ஆனால் சிறிய அளவில் இப்போதே தொடங்கலாம். ஒளி ஊடுருவும் சிலிக்கோனில் செய்த ரத்தக்குழாய் மாதிரி, தண்ணீரைச் சுழற்ற ஒரு பம்பு, சாயம், ஒரு கேமரா இருந்தால் போதும். மருந்து பின்னோக்கி வழிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இது பெரிய பொறியைவிட மிக மலிவு. மெயின்லாண்டிலிருந்து வரும் நிபுணர் அரைநாள் அதில் உட்கார்ந்து காட்டினால், டாக்டர்களோடு நர்சுகளும் டெக்னீஷியன்களும் கற்றுக்கொள்வார்கள். அவர்களில் எவரும் நாளை ஈரலில் குழாய் விடாமலே போகலாம். ஆனால் எந்த நோயாளிக்கு இந்தச் சிகிச்சை உதவும், கட்டி எந்த அளவில் இருக்கும்போது அனுப்ப வேண்டும், மூன்று நாள் கப்பல் தாங்குமா, விமானம்தான் வேண்டுமா என்று ரெஃபர் சீட்டு எழுதும்போது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.