எச்சரிக்கை வந்துவிட்டது, யாருக்கு?

வேலூரை வெயிலூர் என்றுதான் நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆம்பூரில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இமயமலைப் பனிச்சரிவு பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு மாணவர் கேட்டார்: "நமக்கும் பனிக்கும் என்னண்ணா சம்பந்தம்?" நியாயமான கேள்வி. அன்று முழுதாகச் சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறோம்.

2025 பிப்ரவரி 28 அதிகாலை. உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் அருகே உள்ள மாணா கிராமத்துக்குப் பக்கத்தில், எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாம் மீது பனி சரிந்து விழுந்தது. சாலையில் குவியும் பனியை அகற்றுவதுதான் அவர்களுடைய வேலை. பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரும்புக் கன்டெய்னர்களில் தங்கியிருந்தார்கள். சிக்கிய 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். இரவு பகலாகத் தோண்டிய மீட்புப் படையினரை நாடே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு விவரம் அந்தப் பாராட்டுக்கு அடியில் புதைந்துபோனது.

முந்தைய நாள் மாலையே எச்சரிக்கை வந்துவிட்டது. 2,400 மீட்டருக்கு மேல் உள்ள பகுதிகளில் அடுத்த 24 மணி நேரத்துக்குப் பனிச்சரிவு அபாயம் உண்டு என்று பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் அறிவித்திருந்தது. மாணா இருப்பது சுமார் 3,200 மீட்டர் உயரத்தில்.

பனிச்சரிவு திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதல்ல. பருவத் தொடக்கத்தில் விழும் முதல் பனி மெல்லிய படலமாகத் தங்கும். கடுங்குளிரில் நாள்கணக்கில் கிடந்து, சர்க்கரை போல ஒட்டாத மணிகளாக மாறும். பிறகு ஒரே புயலில் கனமான பனி அதன்மேல் ஏறும். அடியில் பிடிமானம் இல்லை, மேலே பாரம். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் அந்த மேல் அடுக்கு பலகை போல உடைந்து மொத்தமாக இறங்கும். பெரும் பனிப்பொழிவின்போதும் அடுத்த ஓரிரு நாட்களிலும்தான் அபாயம் மிக அதிகம். புதைந்தவரைச் சில நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் போனால் அது மிகவும் குறைந்துவிடும்.

இதையெல்லாம் விஞ்ஞானம் எப்போதோ சொல்லிவிட்டது. அதே சமோலி மாவட்டத்தில் 2021 ஏப்ரலில் சும்னா அருகே அதே அமைப்பின் முகாம் பனிச்சரிவில் சிக்கி, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அறிவும் இருந்தது, முன் அனுபவமும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. மலையேறச் சுற்றுலா போகிறவர் எச்சரிக்கையைப் பார்த்தால் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். முகாமில் படுத்திருக்கும் கூலித் தொழிலாளி எங்கே போவார்? எழுந்து போனால் கூலியை யார் தருவார்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2015 ஜனவரி 31 நள்ளிரவு கடந்த நேரம். ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அங்கே பனி, இங்கே நச்சுச் சேறு. இங்கும் பாரம் ஒரே நாளில் ஏறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது. இங்கும் சரிவின் வழியில் படுக்கை போட்டிருந்தவர்கள் வேறு இடம் கேட்க வழியில்லாதவர்கள்.

இறந்தவரின் சாதிச் சான்றிதழைப் பார்த்து நாம் துக்கப்படுவதில்லை. ஆனால் வேலையைப் பங்கிடும் முறையைப் பார்க்கிறோம். தோல் பட்டையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள் யார், மலக்குழியில் இறக்கப்படுகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். இந்த மரணங்களுக்குச் சொல்லப்படும் காரணங்களும் தெரியும். மலையில் "இயற்கைச் சீற்றம்" என்பார்கள். ஆலையில் "விபத்து" என்பார்கள். மலக்குழியில் "அவராகவேதான் இறங்கினார்" என்பார்கள். மூன்றுமே அனுப்பியவரைக் காப்பாற்றும் சொற்கள். மலக்குழியில் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செத்தபின் கிடைக்கும் தொகை கூடியிருக்கிறது. சாகும் முன் மறுக்கும் உரிமை எங்கே?

அந்த உரிமையைக் கையில் எடுத்தவர்களும் பனிமலையில் உண்டு. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் கும்பு பனியாற்றில் 16 நேபாளத் தொழிலாளர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். அடுத்தவர்கள் ஏறுவதற்காக முன்கூட்டியே சுமை தூக்கிப் போனவர்கள். நேபாள அரசு முதலில் அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் "இந்தப் பருவத்தில் ஏற மாட்டோம்" என்று நின்றார்கள். பணம் கட்டி வந்திருந்த குழுக்களில் பெரும்பாலானவை திரும்பிப் போயின. கட்டாயக் காப்பீட்டுத் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் நேபாள ரூபாயாக உயர்ந்தது. ஒருவர் மட்டும் மறுத்திருந்தால் அவர் வேலை போயிருக்கும். சேர்ந்து மறுத்ததால் அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கத்து ஏற்றம் பெரும்பாலும் நின்றுபோனது.

உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி வேலையை விட்டு விலகினால் அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை. 2022இல் அதை அடிப்படை உடன்படிக்கையாகவும் அறிவித்தார்கள். காகிதத்தில் இருப்பதை வேலையிடத்துக்குக் கொண்டுவருவது நம் வேலை.

நாங்கள் கேட்பது மூன்று. அபாயத்தின் வழியில் தொழிலாளர் முகாமோ தங்குமிடமோ கூடாது. எச்சரிக்கை அதிகாரியின் கைபேசியோடு நிற்காமல், தொழிலாளியின் மொழியில் அவரிடம் போய்ச் சேர வேண்டும். அபாய நாளில் வேலையை மறுத்தால் அன்றைய கூலி பிடிக்கப்படக் கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த மாதம் உங்கள் ஊர் டேனரிகளைச் சுற்றி நடந்து பாருங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் எங்கே தூங்குகிறார்கள், பக்கத்தில் எந்தத் தொட்டி இருக்கிறது, அதன் சுவர் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுப்போம்.

பனிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட தம்பிக்கு: அங்கே புதைந்தவருக்கும் இங்கே மூழ்கியவருக்கும் "நான் போக மாட்டேன்" என்று சொல்லும் உரிமை இல்லை. அதுதான் சம்பந்தம்.

ஜெய் பீம்.