புதுக் காரும் பழைய காரும்

கார் என்றால் மேகம் என்று பள்ளியில் தமிழாசிரியர் கற்பித்தார். எங்கள் ஊருக்கு அந்தக் காரும் அரிது, இந்தக் காரும் அரிது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மழை மறந்துபோன ஒரு மூலை அது. நான் சிறுவனாக இருந்தபோது ஊருக்குள் ஒரு கார் நுழைந்தால், கலியாண வீட்டுக்கோ, சாவு வீட்டுக்கோ, கடன் வசூலுக்கோ வந்ததாகத்தான் இருக்கும். இன்று எங்கள் தெருவிலேயே மூன்று கார்கள் நிற்கின்றன. நான்காவதாக எங்கள் வீட்டுக் கார் நிற்கலாமா, நிற்பதாயின் அது புதியதா பழையதா என்று நான்கு மாதங்கள் எங்கள் திண்ணையில் நடந்த வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம். இயற்பியல் மாணவனுக்குக் காரைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று தோழர்கள் கேட்கலாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணக்குப் போடத் தெரியும்.

என் தந்தையார் கொத்தனார். அம்மாவும் அவரோடு சித்தாளாக வேலைக்குப் போகிறார். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாட்டியையும் தங்கையையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். வண்டி ஒரே ஒரு டி.வி.எஸ். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு பாட்டிக்கு மூச்சுத் திணறியது. வாடகைக் காருக்குச் சொல்லி அது வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வாடகை 1,800 ரூபாய். பாட்டி பிழைத்துக்கொண்டார். மறுநாள் காலை அப்பா பல் துலக்கிக்கொண்டே, "சீட்டு எடுத்து ஒரு கார் வாங்கிடலாம்" என்றார். ஆடம்பரத்துக்காகச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

சீட்டுப் பணம் 2,60,000 ரூபாய். அதைக் கேள்விப்பட்டதும் என் தாய்மாமா வந்து சேர்ந்தார். மாமாவின் கட்சி புதுக் கார். அவர் வாதங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவற்றில் நியாயம் உண்டு. புது வண்டி பழுதாகாது. மைலேஜ் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, மேல்வரியும் போய்விட்டது. "ஒரு லட்சம் முன்பணம் கட்டுங்க மச்சான், மீதிக்கு லோன் அவனே போட்டுத் தர்றான். ஏழு வருஷம். கையில ஒன்றரை லட்சம் அப்படியே நிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழசை வாங்கி வாசல்ல நிறுத்தினா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்றார். அந்தக் கடைசிக் கேள்விதான் அவருடைய உண்மையான வாதம் என்று எனக்குத் தோன்றியது.

அன்றிரவு மாமா கொண்டுவந்த தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷோரூம் விலை 4,20,000. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 12 விழுக்காடு; அது 50,400. காப்பீடும் பதிவுச் செலவும் சேர்ந்தால் ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஒரு லட்சம் கட்டி, நான்கு லட்சத்துக்கு ஒன்பதரை வட்டியில் ஏழாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 6,540 ரூபாய். 84 மாதத்தில் கட்டும் தொகை 5,49,000. வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். ஆக, ஐந்து லட்ச ரூபாய்க் காருக்கு நாங்கள் கொடுக்கும் விலை ஆறரை லட்சம். கையில் நிற்கும் என்று மாமா சொன்ன தொகையை 6,540ஆல் வகுத்தேன். இரண்டே ஆண்டில் அதுவும் தவணைக்கே போய்விடும். அப்பாவுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. தவணைக்கு மழைக்காலம் கிடையாது.

அடுத்தது விலை இறக்கம். காரின் மதிப்பைக் குறிக்கக் காப்பீட்டுத் துறையில் ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஓராண்டு முடிவதற்குள் 15 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 என்று மதிப்பைக் கழிக்கிறார்கள். கதிரியக்கத் தனிமத்துக்கு அரை ஆயுட்காலம் இருப்பது போலக் காருக்கும் உண்டு, அது ஐந்தாண்டு. (ஒப்புமை முழுவதும் பொருந்தாது; எங்கள் பேராசிரியர் பொறுத்தருள்க.) மாமாவின் திட்டப்படி காரின் விலை பாதியான பிறகும் எங்களுக்கு இரண்டாண்டுத் தவணை பாக்கி இருக்கும்! பழைய வண்டியில் இந்தப் பெரிய இறக்கத்தை முதல் சொந்தக்காரர் தாங்கிக்கொண்டு விடுகிறார். வாழ்நாள் வரியையும் அவரே கட்டிவிட்டார்.

மைலேஜ் என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் இருக்கும் மயக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிறுவனம் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் என்று சொல்வது, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மீது காரை ஓட்டிப் பார்த்துக் கண்ட அளவு. எங்கள் ஊர்ச் சாலையின் பள்ளங்களும் சந்தைக்குப் போகும் மாடுகளும் அந்த உருளைகளில் இல்லை. புதுக் கார் 20 கொடுக்கும் என்றும் பழைய கார் 17 கொடுக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நாங்கள் மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம், ஆண்டுக்கு 6,000. புதியதற்கு 300 லிட்டர், பழையதற்கு 353 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று முழுத் தொகையாக வைத்தால் வேறுபாடு 5,300 ரூபாய். அதாவது ஓராண்டு முழுதும் மைலேஜில் மிச்சம் பிடிக்கும் பணம், ஒரே ஒரு மாதத் தவணைக்குக் காணாது. இந்த ஒரு வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் தாளை வாங்கி மீண்டும் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் எண்களை மட்டும் நிதானமாகப் பார்த்தார்.

மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இக்கணக்கு மாறும். ரொக்கமாகவே ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கும் மாறும். அவர்கள் புதியதே வாங்கட்டும். டீசல் சிறிய கார்களைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 2020இல் புதிய புகை விதி வந்தபின் அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. மின்சாரக் கார் நல்லதுதான். ஆனால் எங்கள் வண்டி நிற்கப்போவது தெருவில், வேப்பமரத்தடியில். அதற்கு மின்சாரம் எங்கிருந்து இழுப்பது?

இப்போது மாமாவின் அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மழையில் ஒரு குடும்பமே ஒரு ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போனதைக் கண்டதால் நானோ காரின் எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாட்டா கூறியதுண்டு. 2008இல் அது காட்சிக்கு வந்தபோது நாடே ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று கொண்டாடியது. 2018இல் உற்பத்தி நின்றுபோனது. மிக மலிவான கார் என்று அதற்குப் பெயர் சூட்டி விற்றது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த ஸ்கூட்டர் குடும்பம் எங்களைப் போன்றதுதான். எங்களுக்குக் கார் வேண்டும். ஆனால் ஏழைக்கென்று செய்த கார் என்று நெற்றியில் எழுதி ஒட்டினால் வேண்டாம். இந்த மானம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லூரிக்கு முதல் நாள் வந்தபோது நானும் கடன் வாங்கிய சட்டையைத்தான் அணிந்திருந்தேன். ஆனால் என் தங்கை இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். மாதம் 6,540 ரூபாய் ஷோரூமுக்குப் போகும் வீட்டில் அவள் விண்ணப்பம் எங்கே போகும்? ஊரார் வாய்க்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு வேண்டாமா?

அதற்காகப் பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வந்தவனல்ல நான். 2021இல் என் சித்தப்பா ஒரு புரோக்கர் வழியாக ஒரு கார் வாங்கினார். பளபளவென்றிருந்தது. மூன்றாம் மாதம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முந்தைய சொந்தக்காரர் கடனை அடைக்கவே இல்லை. ஆர்.சி.யில் எச்.பி. என்ற இரண்டெழுத்து நின்றிருந்தது. சித்தப்பாவுக்கு அதன் பொருள் தெரியவில்லை, புரோக்கருக்குத் தெரிந்திருந்தது. இன்று வண்டி எண்ணைப் போட்டால் கடன், காப்பீடு, எஃப்.சி. எல்லாம் எம்பரிவாகன் செயலியில் தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கு ஒரு படித்த பிள்ளை இருந்து இதைக்கூடப் பார்த்துச் சொல்லவில்லையென்றால் அந்தப் படிப்பு எதற்கு?

நானும் ஊரிலுள்ள மெக்கானிக் அண்ணனும் ஆறு வண்டிகளைப் பார்த்தோம். அண்ணன் முதலில் எஞ்சினைத் திறக்கவில்லை. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பார்த்தார். மீட்டரில் 30,000 கிலோமீட்டர், பெடலோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "மீட்டரைத் திருப்பலாம் தம்பி, ரப்பரைத் திருப்ப முடியாது" என்றார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியானால் உள்ளே சுருண்டிருக்கும் நுனியில் சேறு காய்ந்திருக்கும். 2015இலும் 2023இலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அவையெல்லாம் எங்கே போயின என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வண்டியில் கதவோரம் தட்டினால் ஓசை மந்தமாக இருந்தது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஓசூர்ப் பக்கம் கர்நாடகப் பதிவு வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்தால் வரியைப் புதிதாகக் கட்ட வேண்டும். மலிவு அதில் கரைந்துவிடும்.

நான் ஒரே ஒரு நிபந்தனையில் பிடிவாதமாக இருந்தேன். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டுச் சிறிய கார்களை மோதிச் சோதித்தபோது, காற்றுப்பை இல்லாத ஐந்து வகைகளும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2019ஆம் ஆண்டில்தான் ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. ஆகவே அதற்கு முந்தைய வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் என்றேன். பாட்டியைக் காப்பாற்ற வாங்கும் கார் அப்பாவைப் பறித்துக்கொள்ளக் கூடாதல்லவா?

முடிவில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் ஆல்ட்டோ கிடைத்தது. 2019 அக்டோபர் பதிவு, ஒரே சொந்தக்காரர், 41,000 கிலோமீட்டர், சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். 2,40,000 சொன்னார், ஜி.எஸ்.டி. குறைப்பால் புதியதன் விலையே இறங்கிவிட்டதை எடுத்துக் காட்டி அப்பா 2,25,000க்கு முடித்தார். பதிவு 2034 வரை செல்லும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நானே சென்றேன். காப்பீட்டையும் அப்பா பெயருக்கு மாற்றினோம்.

குறையும் உண்டு. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று இந்த வண்டியைச் செய்யவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களே அதற்கு ஏற்றவை. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்கிறது. எரிபொருள் குழாய்களின் ரப்பரை அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் அண்ணன். சென்ற வாரம் கிளட்ச் பிளேட்டையும் மாற்ற வேண்டும் என்றார், 7,000 ரூபாய். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.